உறையாத இரத்தம்: கூமரின் நஞ்சுகளின் நூறாண்டு

மனிதர் மனிதருக்கு இட்ட நஞ்சுகளில் பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே தம்மைக் காட்டிக்கொள்பவை. ஆர்செனிக் குடலைப் புரட்டும், சயனைடு மூச்சை அடைக்கும், அரளி விதை இதயத் துடிப்பைக் குலைக்கும். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் கூமரின் வகை நஞ்சுகளோ உடலுக்குள் சென்றபின் இரண்டு மூன்று நாள்கள் எவ்வித அடையாளமும் காட்டாமல் இருந்து, பிறகு ஈறிலோ மூக்கிலோ சிறுநீரிலோ இரத்தமாக வெளிப்படுகின்றன. அவற்றுள் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டவை, உயிர் பிழைத்தவரின் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. மாட்டுத் தீவனத்தில் தொடங்கி, ஆய்வுக்கூடம், எலிவளை, இதயநோய்ப் பிரிவு என்று இடம் மாறிவந்த இப்பொருளின் கண்டுபிடிப்பு மருத்துவ வரலாற்று நூல்களில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் வேண்டுமென்றே இடப்பட்ட இந்நஞ்சுக்கு ஆளாகிப் பிழைத்தோரின் பிந்தைய உடல்நிலையைப் பற்றி அந்நூல்கள் சொல்வது சொற்பம். வரலாற்றின் இன்னொரு பாதி அங்கேதான் இருக்கிறது.

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவது ஒரே நிகழ்வு போலத் தோன்றினாலும், அது ஒன்றையொன்று தூண்டிவிடும் பல புரதங்களின் தொடர்வினை. இப்புரதங்களை மருத்துவம் உறைதல் காரணிகள் என்று எண்ணிட்டு வழங்குகிறது. அவற்றுள் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய நான்கும் கல்லீரலில் உருவாகின்றன. உருவானபின் அவை செயல்படத் தகுதி பெற வைட்டமின் கே என்னும் உயிர்ச்சத்து தேவைப்படுகிறது. கீரைகளிலிருந்தும் குடல் நுண்ணுயிர்களிடமிருந்தும் கிடைக்கும் அச்சத்து உடலில் மிகக் குறைவாகவே இருப்பதால், ஏற்றச்சால் கிணற்றில் இறங்கி ஏறி மீண்டும் இறங்குவதுபோல, ஒருமுறை பயன்பட்ட சத்தே புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் பயன்படுகிறது. கூமரின் நஞ்சுகள் இந்தப் புதுப்பிப்பைச் செய்யும் நொதியை முடக்கிவிடுகின்றன. ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள காரணிகள் தீரும்வரை உடல் சமாளிக்கிறது. ஏழாம் காரணி சில மணி நேரத்தில் குறையத் தொடங்கினாலும், புரோத்ராம்பின் எனப்படும் இரண்டாம் காரணி குறைய நாள்கள் ஆகின்றன என்பதால்தான் நஞ்சு உள்ளே போனதற்கும் குருதி கசிவதற்கும் இடையே அத்தனை இடைவெளி விழுகிறது. இந்த விளக்கம் 1970களில்தான் முழுமை பெற்றது. விளைவோ அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வட அமெரிக்கத் தொழுவங்களில் தெரிய வந்திருந்தது.

கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளி மாநிலங்களிலும் 1920களின் தொடக்கத்தில், கொம்பு நீக்கியபோதும் காயடித்தபோதும் ஏற்பட்ட சிறு புண்ணிலிருந்து இரத்தம் நிற்காமல் வழிந்து மாடுகள் மடிந்தன. சில மாடுகள் காயமேதும் இன்றி உள்ளுக்குள்ளேயே குருதி கசிந்து இறந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. வறண்ட, வளம் குன்றிய மண்ணிலும் செழித்து வளர்ந்ததால் அப்பகுதி உழவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த மெலிலோட்டஸ் என்னும் தீவனப்பயிரை விரும்பிப் பயிரிட்டிருந்தனர். இது குதிரைமசாலுக்கு உறவான செடி, ஆங்கிலம் பேசும் உழவர்களிடையே ஸ்வீட் குளோவர் என்று பெயர் பெற்றது. ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் அறிஞர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, ஒரே போரிலிருந்து எடுத்த உலர்தீவனத்தில் நல்ல தண்டுகளைத் தனியாகவும் பூசணம் பிடித்தவற்றைத் தனியாகவும் பிரித்து இரண்டு முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் நலமாக இருந்தது, கெட்டதைத் தின்றது குருதி கசிந்து இறந்தது. இத்தனை எளிய கருவிகளைக் கொண்டு இத்தனை தெளிவாகக் காரணம் காட்டிய சோதனைகள் நோயியல் வரலாற்றில் அரிது. இதே ஸ்கோஃபீல்டு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் கொரியாவில் மருத்துவப் பணியாளராக இருந்து, 1919 மார்ச் விடுதலை இயக்கத்தின்மீது ஜப்பானிய ஆட்சி ஏவிய ஒடுக்குமுறையைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியவர் என்பதும், அவரது உடல் சியோலின் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை.

வட டகோட்டாவின் கால்நடை மருத்துவர் லீ ராடரிக், இந்நோயில் குறைவது புரோத்ராம்பினே என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். கெட்ட தீவனத்தை நிறுத்துவதும் நலமான மாட்டின் இரத்தத்தை ஏற்றுவதும் நோயுற்ற மாட்டைக் காப்பாற்றும் என்பதும் அப்போதே உறுதியானது. ஆனால் அவை பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகள். தீவனம் பூசணம் பிடித்தது என்று தெரிந்தும் அதைத் தூர எறிந்துவிட்டு வேறு வாங்க வழியற்ற உழவர்கள் ஏராளம். அவர்களுள் ஒருவரான எட் கார்ல்சன், 1933 பிப்ரவரியில் கடும் பனிப்புயலுக்கு நடுவே விஸ்கான்சின் மாநிலத்தின் டீர் பார்க்கிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டியோட்டி மாடிசன் நகருக்கு வந்தார். இறந்த கிடேரி ஒன்று, உறையாத இரத்தம் நிறைந்த பால்கேன் ஒன்று, கெட்டுப்போன தீவனம் 45 கிலோ அளவு ஆகியவை அவர் கொண்டுவந்த சான்றுகள். சனிக்கிழமை ஆனதால் கால்நடை மருத்துவ அலுவலகம் மூடியிருக்க, பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த உயிர்வேதியியல் கட்டடத்துக்குள் நுழைந்தவர் கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். தீவனத்தை மாற்று, இரத்தம் ஏற்று என்னும் பழைய அறிவுரைக்கு மேல் அன்று லிங்க்கிடம் சொல்ல எதுவும் இல்லை. கார்ல்சன் வெறுங்கையோடு திரும்பினார். அந்தப் பால்கேனோ ஆய்வுக்கூடத்தின் அடுத்த பதினைந்து ஆண்டுகளின் திசையைத் தீர்மானித்தது.

லிங்க்கின் ஆய்வுக்கூடத்தில் ஹெரால்டு காம்ப்பெல் 1939 ஜூனில் நஞ்சைத் தூய படிகமாகப் பிரித்தபோது கிடைத்தது வெறும் 6 மில்லிகிராம். ஆறாண்டு உழைப்பின் விளைச்சல் அவ்வளவே. மார்க் ஸ்டாமன் அதைக் கூடுதல் அளவில் பிரித்தெடுக்க, சார்லஸ் ஹ்யூப்னரும் அவரும் சேர்ந்து அடுத்த ஆண்டு அதன் அமைப்பைத் தெளிவாக்கி, ஆய்வுக்கூடத்திலேயே தொகுத்தும் காட்டினர். டைக்குமரால் என்று பெயர் பெற்ற இப்பொருள் செடியில் இயல்பாக இருப்பது அன்று. புதிதாக வெட்டிக் காயவைத்த புல்லின் இனிய மணத்துக்குக் காரணமான கூமரின் தீங்கற்ற பொருளே. ஈரம் உலராமல் கட்டி அடுக்கிய போரில் வளரும் பூசணங்கள் அக்கூமரினை மாற்றியமைத்து, இரண்டிரண்டாக இணைத்து, நஞ்சாக்கிவிடுகின்றன. கெட்டுப்போன தீவனம் மட்டுமே கொன்றதன் காரணம் இதுவே.

இதற்கிடையே கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனி உண்ட கோழிக்குஞ்சுகள் குருதி கசிந்து இறப்பதைக் கண்டு, உறைதலுக்குத் தேவையான ஓர் உயிர்ச்சத்து உண்டு என்று முடிவுகட்டி, உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு 1935இல் வைட்டமின் கே என்று பெயரிட்டிருந்தார். அச்சத்து டைக்குமராலின் விளைவை முறிக்கும் என்பதை விஸ்கான்சின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நஞ்சும் முறிமருந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கைக்கு வந்ததால்தான் டைக்குமரால் 1940களில் மருந்தாகத் துணிந்து பயன்படுத்தப்பட்டது; நாளங்களுக்குள் கட்டியாக உறைந்து நுரையீரலையோ மூளையையோ அடைக்கும் இரத்தத்தை அது தடுத்தது.

லிங்க் 1945இல் நுரையீரல் உறை அழற்சியால் சில மாதங்கள் நலவாழ்வு மனையில் படுத்திருந்தபோது, எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்து, தம் ஆய்வுக்கூடத்தில் உருவாகியிருந்த கூமரின் சேர்மங்களுள் ஒன்று எலிகளுக்கு உதவலாம் என்று எண்ணினார். வரிசையில் 42ஆம் எண் பெற்றிருந்த சேர்மம் தேர்வாயிற்று. ஆய்வுக்குப் பணம் அளித்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளோடு கூமரினின் ஈற்றைச் சேர்த்து வார்ஃபரின் என்று அதற்குப் பெயர் வைக்கப்பட்டு, 1948இல் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்தது. எலி சந்தேகம் மிகுந்த உயிர். ஓர் உணவைத் தின்றவுடன் நோயுற்றால் அவ்வுணவை மறுபடியும் தொடுவதில்லை. வார்ஃபரினோ சில நாள்கள் தொடர்ந்து தின்றபின்பே விளைவைக் காட்டியதால், தின்றதற்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை எலியால் அறிய இயலவில்லை. நஞ்சின் திறமையாகப் போற்றப்பட்ட இதே தாமதந்தான், பின்னாளில் அது மனிதருக்கு எதிராகத் திருப்பப்பட்டபோது மருத்துவர்களைத் திகைக்கவைத்தது.

அமெரிக்கப் படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 1951இல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வார்ஃபரின் எலிமருந்தைச் சில நாள்கள் உட்கொண்டு, குருதி கசிய மருத்துவமனையை அடைந்து, இரத்தமும் வைட்டமின் கேயும் ஏற்றப்பட்டு நலமடைந்தார். மனிதர் இந்நஞ்சைத் தாங்கி மீள்வர் என்பதற்குச் சான்றாக அந்நிகழ்வு எடுத்துக்கொள்ளப்பட்டு, 1954இல் வார்ஃபரின் மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டு மாரடைப்புக்கு ஆளான குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டபின் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அசினோகுமரால் இன்று இந்தியாவில் செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் பலர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஐ.என்.ஆர். என்று வழங்கும், இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பரிசோதனைக்காக அவர்கள் தவறாமல் வருவதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. ஆயினும் 1951 நிகழ்விலிருந்து மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட பாடம் ஒரு பக்கம் மட்டுமே பார்த்த பாடம். வார்ஃபரினின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ 40 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், அவ்விளைஞர் பிழைத்தபின் நஞ்சும் விரைவில் அவரை விட்டு நீங்கியது. நஞ்சுண்டு மீள்வது என்றால் இவ்வளவுதான் என்னும் எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது.

மருந்தாகவும் எலிநஞ்சாகவும் வீடுகளுக்குள் நுழைந்தபின், இதை மறைவாகத் தாமே உட்கொண்டவர்களையும் பிறரால் ஊட்டப்பட்டவர்களையும் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் இடம்பெறலாயின. காரணம் தெரியாத குருதிக் கசிவோடு வந்தவருக்கு வைட்டமின் கே கொடுத்ததும் நலமாகி, வீட்டுக்குப் போனதும் மீண்டும் கசிவு தொடங்குவது இவற்றின் பொதுவான போக்கு; பிறவிக் குறைபாடோ கல்லீரல் நோயோ என்று ஆராய்ந்து களைத்த பிறகே நஞ்சின் நினைவு பல மருத்துவர்களுக்கு வந்தது. வரலாற்று எழுத்திலோ, இதற்கு மாறாக, நஞ்சின் நினைவு முந்திக்கொண்டதும் உண்டு. 1953 மார்ச் 5 அன்று இறந்த ஸ்டாலினுக்கு மூளையிலும் இரைப்பையிலும் குருதி கசிந்திருந்ததைக் கொண்டு, அவருக்கு வார்ஃபரின் கலந்து கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று 2003இல் வெளிவந்த ஒரு நூல் ஊகித்தது. நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் கொண்ட முதியவருக்கு மூளை நாளம் வெடிப்பதும், அத்தகைய பெருநோயின் அழுத்தத்தில் இரைப்பை புண்ணாகிக் கசிவதும் அறியப்பட்டவை. ஆதலால் அவ்வூகத்தை ஊகமாகவே நிறுத்துவதுதான் நேர்மை.

ஊகத்துக்கு இடமில்லாத பேரழிவு ஒன்று 1981இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நிகழ்ந்தது. அங்கே குழந்தைகளுக்குப் பூசும் டால்கம் பவுடரில் வார்ஃபரின் கலந்திருந்தது. மென்மையான தோலின் வழியே அது உடலுக்குள் புகுந்ததால் 741 சிசுக்கள் குருதிக் கசிவுக்கு ஆளாயினர், அவர்களுள் 177 பேர் இறந்தனர். நஞ்சென்றால் வாய்வழியே வருவது என்று தேடிய மருத்துவர்களுக்கு, தாய்மார் நாள்தோறும் அன்போடு பூசிய பவுடரே காரணம் என்பது எளிதில் புலப்படக்கூடியதாக இல்லை. இத்தகைய எண்ணிக்கைகளைப் படிக்கையில், மண்டைக்குள் குருதி கசிந்து உயிர் பிழைத்த ஒரு சிசு பேச்சும் நடையும் கற்கும் பருவத்தில் என்ன ஆகியிருக்கும் என்னும் கேள்வி எழாமல் இருக்க முடியாது; இறந்தோரை எண்ணுவதோடு கணக்கு முடிந்துவிடுவது இந்நஞ்சின் வரலாறு நெடுகக் காணப்படும் குறை.

எலிகள் இதற்கிடையே தம் வழியைக் கண்டிருந்தன. வார்ஃபரினைத் தின்றும் சாகாத எலிகள் 1958இல் ஸ்காட்லாந்தில் காணப்பட்டன. பின்னர் வேல்சிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் அமெரிக்காவிலும் அத்தகையவை பெருகின. நஞ்சு பற்றிக்கொள்ளும் நொதியின் வடிவம் மரபணு மாற்றத்தால் சற்றே திரிந்துபோனதே இதன் காரணம் என்பது, அந்நொதிக்கான மரபணு 2004இல் அடையாளம் காணப்பட்டபின் விளங்கியது. எதிர்ப்புக் கொண்ட எலிகளையும் கொல்ல, 1970களில் இரண்டாம் தலைமுறை உறைவெதிர்ப்பிகள் உருவாக்கப்பட்டன; டைஃபெனகூம், புரோமடியோலோன், புரோடிஃபகூம் ஆகிய இவற்றை நச்சியலார் சூப்பர் வார்ஃபரின் என்று கூட்டாக வழங்குகின்றனர். கொழுப்பில் கரையும் நீண்ட பக்கத்தொடர் ஒன்று மூலக்கூறில் சேர்க்கப்பட்டதால், இவை நொதியை இறுகப் பற்றுவதோடு கல்லீரலிலும் கொழுப்பிலும் ஒட்டிக்கொண்டு மிக மெதுவாகவே வெளியேறுகின்றன. வார்ஃபரின் மணிக்கணக்கில் குறைய, புரோடிஃபகூம் மனித உடலில் பாதியாகக் குறையவே வாரக்கணக்கு ஆகிறது. நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையும் பருந்தும்கூட இறந்ததால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் இவற்றின் வீட்டு விற்பனையைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தது.

(தமிழ்நாட்டில் எலிமருந்தால் நேர்ந்த சாவுகளில் பெரும்பங்கு இக்குடும்பத்தால் விளைந்தது அன்று; பசையாக விற்கப்பட்ட மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலையே அழித்தது. எலிக்கேக் வடிவில் கிடைக்கும் புரோமடியோலோனுக்கு முறிமருந்து உண்டு, பாஸ்பரசுக்கு இல்லை என்பதால், நோயாளியோடு வருவோர் மருந்தின் உறையையும் கையோடு கொண்டுவருவது சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது.)

இரண்டாம் தலைமுறை நஞ்சு மனிதருக்குப் பெருந்தொகையில் இடப்பட்டது 2018இல் வெளிப்பட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கஞ்சாவின் போதையைப் போலச் செய்ய வேதிப்பொருள் தெளித்து விற்கப்பட்ட செயற்கைக் கஞ்சா இலைகளைப் புகைத்தோர், மார்ச் மாதம் முதல் சிறுநீரில் இரத்தத்தோடும் வயிற்றுவலியோடும் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர்; நோய் விரைவில் பிற மாநிலங்களிலும் தலைகாட்டி, முந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. பியோரியா நகர மருத்துவமனை ஒன்றில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் பிற்பகுதிவரை சிகிச்சை பெற்ற 34 பேரைப் பற்றிய அறிக்கையில், சோதிக்கப்பட்ட 15 பேரின் இரத்தத்திலும் புரோடிஃபகூம் இருந்தது. சிலரிடம் டைஃபெனகூமும் புரோமடியோலோனும் கூடக் காணப்பட்டன. ஒருவர் மண்டைக்குள் குருதி கசிந்து இறந்தார். போதை நீடிக்கும் என்று கருதி விற்பனையாளர் நஞ்சைக் கலந்தனர் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. எவ்வாறாயினும், தாம் புகைப்பது எலிநஞ்சு என்று அறியாத மனிதர்கள் அதை நெஞ்சுக்குள் இழுத்தனர். அவர்கள் போதைப்பொருள் பயன்படுத்தினர் என்பதைக் காரணம் காட்டி இக்கொடுமையைச் சிறிதாக்கிக் காண்பது எவ்வகையிலும் நியாயம் ஆகாது.

அந்த 34 பேரும் சேர்ந்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட முறைகள் 45. நெடுங்காலப் பாதிப்பு என்னும் சொல்லின் முதற்பொருள் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. வைட்டமின் கேயை மிகுந்த அளவில் கொடுக்கும்போது, முடங்கிய நொதியைச் சாராமல் வேறு வழியில் அது வேலை செய்ய, கசிவு நின்று, உறையும் நேரமும் சரியாகிவிடுகிறது; ஆயினும் நஞ்சு கல்லீரலை விட்டு அகலவில்லை. மாத்திரை நின்றால் சில நாள்களில் கசிவு திரும்புகிறது. ஆகவே பிழைத்தவர் நாள்தோறும் கை நிறைய மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியாக வேண்டும். அமெரிக்காவில் அம்மாத்திரையின் விலை மிக அதிகம். நோயுற்றோரில் பலர் வசதியற்றவர்கள். மருந்து நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 8 லட்சம் மாத்திரைகளை இல்லினாய் மாநிலத்துக்கு நன்கொடையாக அளித்ததால்தான் சிகிச்சை தொடர முடிந்தது.

கசிவு நின்றபின்னும் அது எங்கே கசிந்தது என்பது உடலில் எழுதப்பட்டே இருக்கிறது. மண்டைக்குள் கசிந்தவருக்குப் பக்கவாதமோ வலிப்போ பேச்சுக் குறைவோ எஞ்சலாம். மூட்டுக்குள் மீண்டும் மீண்டும் கசிந்த இரத்தம், பிறவிக் குருதிக்கசிவு நோயினரிடம் காண்பதுபோல, குருத்தெலும்பை அரிக்கிறது. தசைக்குள் தேங்கிய குருதி நரம்பை நெருக்கினால் கை காலில் மரப்பும் வலுக்குறைவும் தங்கிவிடுகின்றன. கருவுற்ற பெண்ணின் உடலில் இந்நஞ்சு இருப்பது தனியே கவலைக்குரியது. வார்ஃபரின் கருவை அடைந்து மூக்கெலும்பைச் சப்பையாக்கி, எலும்பு முனைகளில் புள்ளி புள்ளியாகச் சுண்ணம் படியவைக்கும் என்பது 1960களிலிருந்து அறியப்பட்ட உண்மை.

இந்தச் சுண்ணப் படிவுதான், வைட்டமின் கேயின் பணி இரத்தத்தோடு முடிவதில்லை என்பதை மருத்துவத்துக்கு உணர்த்தியது. எலும்பில் சுண்ணத்தைப் பிணைக்கும் ஆஸ்டியோகால்சின், நாளச்சுவரிலும் குருத்தெலும்பிலும் சுண்ணம் படியாமல் காக்கும் இன்னொரு புரதம் ஆகிய இரண்டும் அச்சத்தினாலேயே தகுதி பெறுகின்றன. வார்ஃபரினை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் இதய நோயாளிகளின் நாளங்களிலும் வால்வுகளிலும் சுண்ணப் படிவு கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. மூளையில் நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறைக்கு வேண்டிய கொழுப்புப்பொருள்களின் உருவாக்கத்திலும் வைட்டமின் கேக்குப் பங்குண்டு. இல்லினாய் நிகழ்வுக்கு முந்தைய ஆண்டிலேயே, சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புரோடிஃபகூம் கொடுத்த எலிகளின் மூளைத்திசுவில் சேதம் ஏற்பட்டிருந்ததைக் கண்டு வெளியிட்டிருந்தனர். உறையும் நேரத்தை மட்டும் அளந்து நோயாளி நலம் என்று எழுதுவது, இவற்றை வைத்துப் பார்க்கும்போது, பாதி உடலைச் சோதித்து முழுவதற்கும் சான்று வழங்குவது ஆகும்.

சிகிச்சையை நிறுத்தும் நாளை முடிவு செய்வதிலும் அதே சிக்கல் நிற்கிறது. மாத்திரை உடலில் இருக்கும்வரை உறையும் நேரம் சரியாகவே காட்டும் என்பதால், நஞ்சின் அளவையே இரத்தத்தில் நேரடியாக அளக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய பரிசோதனையைச் செய்யும் ஆய்வகங்கள் சில மட்டுமே. அவ்வசதி இல்லாத இடத்தில் மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, அடுத்த சில நாள்கள் குருதியை எடுத்துப் பார்க்கிறார்; உறையும் நேரம் நீளத் தொடங்கினால் மாத்திரை மறுபடியும் தொடங்கப்படுகிறது, சில வாரங்கள் கழித்து அதே சோதனை மறுபடியும் செய்யப்படுகிறது, அதுவரை அந்த மனிதர் பல் துலக்கும்போதெல்லாம் எச்சிலின் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.